நாலு ஸ்பிரிங்கில் தொங்கிய கடிகாரம்

இருநூற்று எண்பத்தாறு யூரோ நாற்பது சென்ட். கார்ப் போட்டியில் என் கூட்டாளி ஹில்க்காவுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது அவ்வளவு. குவோபியோ நகரத்தில் கடிகாரம் பழுது பார்க்கும் விர்தா அவளுடைய கடிகாரத்துக்குத் தந்த ரசீதைப் பார்த்து, அந்தத் தொகையைத் தன் போட்டி நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்து வைத்திருந்தாள். மறுநாளே பணத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை.

"இது பணத்துல தீர்ற கணக்கு இல்ல, ஓஸ்மோ. பாக்கெட்ல போடு" என்றாள்.

என்னிடம் 1967-ல் செய்த சாப் கார் ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் கல் உடைக்கும் ஆலையை மூடிவிடுவார்கள்; எனக்கு வேலை இருக்காது. அப்போது எங்கள் பக்கத்தில் பழைய கார்க்காரர்கள் போட்டி வைத்துக்கொள்வோம். யார் வேகம் என்ற போட்டி இல்லை. மணிக்கு நாற்பத்தாறு கிலோமீட்டர் என்று சொல்லிவிட்டால் கடைசிவரை அதே கணக்கில் போக வேண்டும். நடுவர்கள் வழியில் எங்கேயோ ஒளிந்திருந்து நேரம் குறிப்பார்கள். ஒரு செகண்ட் முந்தினாலும் பிந்தினாலும் ஒரு புள்ளி தண்டம். நாங்கள் ஓடும் பிரிவில் பேட்டரிச் சாமான் கூடாது. சாவி கொடுக்கிற கடிகாரம், காகிதம், பென்சில், அவ்வளவுதான். காருக்குள் இருக்கிற சின்னத் தாங்கிகூட அந்தக் கால லட்சணத்தில் இருக்க வேண்டும்.

நான் ஓட்டுவேன். ஹில்க்கா பக்கத்தில் உட்கார்ந்து வழிக்குறிப்பு படிப்பாள், நேரம் சொல்வாள். நான் நாற்பது வயது தாண்டித்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன். உட்கார்ந்து படித்தால் படித்துவிடுவேன், குலுங்குகிற வண்டியில் வராது. அவள் இல்லாவிட்டால் எனக்குப் போட்டி இல்லை. கார் கொட்டகையில் நிற்க வேண்டியதுதான்.

முப்பது வருஷம் பனிச்சறுக்குப் பந்தயங்களில் நேரம் குறித்தவள் அவள். அதற்கு வைத்திருந்த நிறுத்துக் கடிகாரம், அதாவது ஸ்டாப்வாட்ச், எப்போதும் அவளுடைய இடது உள்ளங்கையில் இருக்கும். அறுபத்தைந்து வயதில் விரல் மூட்டுகள் வீங்கிப்போயின. பென்சிலையும் கடிகாரத்தையும் சேர்த்துப் பிடிக்க முடியவில்லை. கடிகாரத்துக்குக் காரிலேயே ஒரு தாங்கி செய்து தரச் சொன்னாள்.

செய்தேன். ஆலைப் பட்டறையில் மோட்டாருக்கு அடித்தளம் செய்வதுபோலவே செய்தேன். நாலு மில்லிமீட்டர் இரும்புத் தகடு, இரண்டு பக்கமும் பட்டை, நட்டு போட்டு முறுக்கியது. கார் குப்புறக் கவிழ்ந்தாலும் கடிகாரம் அசையாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது உண்மைதான், அசையவில்லை. போன குளிர்காலப் போட்டியில், ஏரிப் பனி அலையலையாக உறைந்து கிடந்த பாதையில், பதினோராவது கிலோமீட்டரில் கடிகாரம் நின்றுபோனது. விழவில்லை. ஒரு கீறல்கூட இல்லை.

விர்தா அதைத் திறந்து, கண்ணில் வைக்கும் உருப்பெருக்கியை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நெற்றியை மேஜையில் முட்டுகிற மாதிரி குனிந்து பார்த்தேன். ஒரு சின்னச் சக்கரம். அதன் அச்சு இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவே கொஞ்ச நேரம் ஆனது. அதன் முனை தலைமுடி அளவுதானாம். சிவப்புக் கல்லில் துளை போட்டு அதில் நிற்கிறது. ஒரு செகண்டுக்கு ஐந்து ஆட்டம். அந்த முனைதான் ஒடிந்திருந்தது.

"ரொம்ப இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க. ரோட்டோட உதறல் எல்லாம் நேரா இதுக்குள்ளதான் இறங்கியிருக்கு" என்றார்.

முப்பத்தைந்து வருஷமாகக் கல் உடைக்கிறேன். லாரி அளவுப் பாறை இயந்திரத்தின் வாய்க்குள் போய் மணலாக வந்து விழுவதைத் தினமும் பார்த்தவன். அந்த ஒடிந்த முனைக்கு முன்னால் மூச்சு விடவே பயமாக இருந்தது, ஊதிவிடுவேனோ என்று. இவ்வளவு சிறிய ஒன்று முப்பது வருஷம் தப்பாமல் ஆடியிருக்கிறது. நான் அதை அன்பாகப் பிடித்து ஒடித்திருக்கிறேன்.

அக்டோபரில் கடிகாரம் சரியாகி வந்தது. ஹில்க்கா அதைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டு, கம்பளிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டாள். அப்போதே சொல்லிவிட்டாள்: "தௌனோ தன் எஸ்கார்ட் கார்ல உக்காந்து குறிப்பு படிக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கான். பிப்ரவரி வரைக்கும் உனக்கு. இத நம்பி வைக்க ஒரு இடம் பண்ணு. இல்லன்னா அவன் வண்டில ஏறிடுவேன்."

இரண்டு தாங்கி செய்து இரண்டையும் தூக்கிப் போட்டேன். ஒன்று ரப்பர் வைத்தது, குளிரில் கட்டையாக இறுகிவிட்டது. இன்னொன்றைப் பற்றிச் சொல்ல எனக்கே வெட்கம். மூன்றாவதற்கு யோசனை எங்கிருந்தும் வரவில்லை, வேலை இடத்திலேயே இருந்தது. சம்பளச் சீட்டு வாங்க ஆலைக்குப் போனவன், இயந்திரத்துக்கு மேலே இருக்கும் எங்கள் கண்ணாடிக் கூண்டில் காப்பி குடிக்க உட்கார்ந்தேன். தலைக்கு மேல் ஒரு குண்டு பல்பு. கூண்டு குலுங்குகிற குலுக்கலில் முன்பெல்லாம் வாரத்துக்கு இரண்டு பல்பு போகுமாம். அந்தக் கூண்டில் எனக்கு முந்திய ஆள் யாரோ அதை நாலு மூலையிலிருந்து நாலு ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். ஒன்பது வருஷமாக அதே பல்பு. அதன் அடியில் உட்கார்ந்துதான் இத்தனை நாளும் ரொட்டி தின்றிருக்கிறேன். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்றைக்குக் காப்பி ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

விறகுக் குவியலில் பூர்ச்சமரத்துக் கணு ஒன்று கிடைத்தது, காட்டுக்குப் போகிறவர்கள் குவளை கடைவார்களே, அந்தக் கணு. அதைக் குடைந்து ஒரு சின்னக் கிண்ணமாக்கினேன். பழைய கம்பளிப் பூட்ஸை வெட்டி உள்ளே ஒட்டினேன். ஹில்க்காவின் உள்ளங்கை எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவுதான் அதுவும் பிடிக்க வேண்டும். கதவில் அடிக்கிற பித்தளைத் தகட்டை வளைத்து வெளி வளையம். அதற்கும் கிண்ணத்துக்கும் நடுவே நாலு ஸ்பிரிங். அவை ஒரு உடைந்த டைப்ரைட்டரிலிருந்து வந்தவை. பித்தளை புதுசாகப் பளபளத்தது. அமோனியா ஊற்றிய ஜாடிக்குள் ஒரு நாள் தொங்கவிட்டேன், மங்கிக் கறுத்துக் காரைப் போலவே பழசாகிவிட்டது.

காரில் புதிதாக ஓட்டை போடுவதில்லை. எங்கள் ஆட்களிடம் அது சாவு வீட்டில் விசில் அடிப்பதற்குச் சமம். சாம்பல் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு, அதன் இரண்டு திருகாணித் துளைகளிலேயே தாங்கியை மாட்டினேன். சூடு காற்று வரும் வாய் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது நல்லதாயிற்று. குளிரில் கடிகாரத்து எண்ணெய் இறுகாது.

ஒத்திகைக்குக் கடிகாரம் ஏது? கிண்ணத்தில் ஒரு பிளாஸ்க் மூடி நிறையக் காப்பியை வைத்துப் பனிப் பள்ளங்களில் ஓட்டினேன். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கிண்ணம் குடிகாரன் மாதிரி ஆடியது. விறைப்பாக இருந்தால் காப்பி என் தொடையில். ஆறு நாள் இப்படிப் போனது. என் மனைவி இர்யா கால்சட்டையைத் துவைக்கப் போடும்போது, இதைப் பிழிந்தாலே இரண்டு பேருக்குக் காப்பி வரும் என்றாள். ஏழாம் நாள் காரின் கதவு, கண்ணாடி, என் பல் எல்லாம் கடகடத்தன. மூடியில் காப்பி மட்டும் வட்டம் வட்டமாக நடுங்கி அங்கேயே நின்றது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் அதையே பார்த்தேன்.

பிப்ரவரியில் ஈசால்மி ஏரிக்கரை. மைனஸ் இருபத்தேழு டிகிரி. வண்டிகளைச் சோதிக்கும் ஆர்மாஸ் தலையை உள்ளே விட்டார்.

"இது கம்பெனி சாமானா?"

"இல்ல. டைப்ரைட்டர்."

"அப்ப உன் தோல்விக் கடிதத்த இதுவே அடிச்சுக் குடுத்துடும்" என்றார். பிறகு விரலால் கிண்ணத்தைச் சுண்டிப் பார்த்தார். அது ஒரு தடவை அசைந்து தானாக நடுவுக்கு வந்து நின்றது. இன்னொரு தடவை சுண்டினார். வேறு கேலி பேசாமல் சீட்டில் முத்திரை குத்திவிட்டுப் போனார்.

ஹில்க்கா கழுத்திலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கிண்ணத்தில் வைத்தாள்.

பதினெட்டு கிலோமீட்டர். காடு முடிந்து ஏரி வந்தது, போன வருஷத்து அதே அலைப் பனி. அவள் குறிப்புகளைப் படித்தாள். "இடது, முன்னூறு மீட்டர்." "ஒரு செகண்ட் முந்தியிருக்கோம், கால எடு." எல்லாம் சரியாக வந்தது. ஆனால் அவள் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. காகிதத்தைப் பார்த்தாள், தூர மீட்டரைப் பார்த்தாள், வெளியே பார்த்தாள். ஓரக்கண்ணில் எனக்குத் தெரிந்தது: அவளுடைய இடது கட்டைவிரல் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது. என் தாங்கியை நம்பாமல் மனசுக்குள் எண்ணிக்கொண்டு வருகிறாள்.

ஏரியின் நடுவில் அந்தக் கட்டைவிரல் நின்றது. அவள் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசிவரை கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை.

முடிவிடத்துக் கூடாரத்தில் சீட்டு கொடுத்தார்கள். ஒளிந்திருந்து மூன்று இடத்தில் குறித்திருக்கிறார்கள். பூஜ்யம், பூஜ்யம், ஒன்று.

"அந்த ஒண்ணு உன் காலு வாங்கினது" என்றாள் ஹில்க்கா. சுட்ட சாசேஜை ஊதி ஊதித் தின்றாள். பிறகு அவளாகவே சொன்னாள்: "பன்னெண்டு நிமிஷம் மனசுல எண்ணினேன். அப்புறம் பாத்தேன். அதுவும் அதே செகண்டத்தான் காட்டுச்சு. அதோட எண்றத விட்டுட்டேன்."

எழுநூற்று இருபது. வாய் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருக்க, உள்ளே எழுநூற்று இருபது எண்ணி, ஒன்றுகூடப் பிசகாமல். அந்தத் தலைமுடி அளவு அச்சைப் பார்த்து வியப்பதா, பக்கத்தில் கடுகுச் சாஸ் ஒட்டிய உதட்டோடு நின்ற இவளைப் பார்த்து வியப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. எப்படி முடிந்தது என்று மட்டும் கேட்டேன். முப்பது வருஷம் பனியில் நின்றால் உனக்கும் வரும் என்றாள்.

மாலை நாலரைக்கே வெளிச்சம் மங்கியது. அவள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். கடிகாரத்தை எடுக்கக் கையை நீட்டினாள். கை பாதியில் நின்றது. திரும்பப் போய்க் கையுறைக்குள் புகுந்துகொண்டது.

"ராத்திரி வண்டிய வெளில விட்டுடாத, கொட்டகைல வை. தௌனோகிட்ட நானே சொல்லிக்கறேன்."

கிண்ணத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து என் முழங்காலில் வைத்து அழுத்தினாள். வீங்கிய விரல்களால் பென்சிலைப் பிடித்து, அந்த இருநூற்று எண்பத்தாறு நாற்பதின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். கோடு கொஞ்சம் கோணியது. அதன் மேலேயே இன்னொன்றும் இழுத்தாள்.