படம் காயட்டும்

போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என் வீட்டுக்காரருக்குப் படம் வரைகிற கிறுக்கு பிடித்துவிட்டது. ஊரை மிரட்டின கை, இப்போது செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் குற்றால மலையைத் தீட்டுகிறது. வேறு நிறமே கிடையாது. கறுப்பு ஒன்றுதான்.

"பக்கத்துல உள்ளதுக்குக் கெட்டிச் சாயம். தண்ணி கூடக்கூட மலை தூரமாப் போயிரும். அவ்வளவுதாம்ட்டி" என்பார்.

கேட்டாலே எனக்கு எரிச்சலாக வரும். எங்கள் மகள் உமாராணி, காமராஜைக் கட்டிக்கொண்டு செங்கோட்டைக்குப் போன மறுநாள், சொந்தக்காரர்களை வேனில் ஏற்றிப் பழைய குற்றாலத்துக்குக் கூட்டிப்போய், அருவியில் நின்று அவளைத் தலைமுழுகினவர் இவர். சீசன் கூட்டம் ஒன்றும் தெரியாமல் வழிவிட்டது. என்னையும் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அன்றைக்கு மரத்துப்போன மனசுதான். கோபம் வருகிறது, அழுகை வரமாட்டேன் என்கிறது.

இன்று காலை காமராஜ் போன் பண்ணினான். பெண் குழந்தை. நான் முன்னறைக்குப் போனேன்.

"ஏங்க, உமாவுக்குப் பொம்பளப்பிள்ள பொறந்திருக்கு. அப்பாவப் பாக்கணும்னு சொல்லுதாளாம். வாரீகளா?"

அவர் நிமிரவில்லை. படத்தை அப்போதுதான் முடித்திருந்தார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வந்திருந்தது. முன்னால் கரேலென்று பாறை, நடுவில் சாம்பலாகக் காடு, அதற்கும் அப்பால் மலையா மேகமா என்று தெரியாத மங்கல்.

"படம் காயட்டும்" என்றார்.

வரமாட்டேன் என்று சொல்லவில்லையே! அதைப் பிடித்துக்கொண்டு நல்ல சேலை கட்டினேன். பிள்ளையைச் சுற்ற அவருடைய பழைய வேட்டியைக் கிழித்துப் பையில் வைத்தேன். அவர் சட்டையையும் தேய்த்து நாற்காலியில் போட்டேன். சாரல் காற்றில் எதுவும் லேசில் காயாது. மதியம்வரை காத்திருந்தேன்.

பிறகு போய்த் தாளில் விரல் வைத்துப் பார்த்தேன். ஈரமே இல்லை.

"காஞ்சிட்டுங்க. கெளம்புவமா?"

என்னை ஒருதரம் பார்த்தார். பெரிய தூரிகையை எடுத்துத் தண்ணீரில் முக்கி, படத்தின் மேலிருந்து கீழ்வரை இழுத்தார். மறுபடியும் முக்கி இழுத்தார். பாறையும் காடும் கரைந்து ஒன்றாக ஓடின.

"காயட்டும்" என்றார்.

பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். செங்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர், எத்தனை பேர் என்று கேட்டார். ஒருத்திதான் என்றேன்.