மலை ஏறாத வழிகாட்டி

இருபத்தாறு வருடங்களாக இலங்கையின் சீகிரியாக் குன்றின் ஆயிரத்து இருநூறு படிகளையும் ஏறி இறங்கியவர் வழிகாட்டி பஸ்லி. தமிழ் பேசும் பயணிகள் வந்தால் வாசலில் அவரைத்தான் விசாரிப்பார்கள். போன வருடம்தான் அவருடைய மூச்சு முரண்டு பிடிக்கத் தொடங்கியது.

அதை மறைக்க ஒரு வழி வைத்திருந்தார். மூச்சு முட்டும் இடத்தில் நின்று, "இங்க நிண்டு போட்டோ எடுங்க, இத மாதிரி எடம் மேல கெடைக்காது" என்பார். அவர்கள் படம் எடுத்து முடிப்பதற்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன்னைச் சரிசெய்துகொள்வார்.

ஜூலை மாதம் ஒருநாள், கண்ணாடிச் சுவர் எனப்படும் பழைய மெருகுச் சுவருக்குப் போகும் இரும்புப் படியில் அதுவும் பலிக்கவில்லை. இழுத்த காற்று வெளியே வர மறுத்தது. உதடு நீலம் பாரித்தது. மேலேயிருந்து இறங்கி வந்த இன்னொரு வழிகாட்டி வினோஜன்தான் அவரைத் தாங்கிப் பிடித்துக் கீழே கொண்டுவந்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான்.

யாழ்ப்பாணத்துப் பெண்ணான டொக்டர் மதுரா ஒரு குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார்.

"சிகரட் விட்டு எட்டு வருசம் டொக்டர். இப்ப ஏன் வருது?"

"விட்டபடியாத்தான் இவ்வளவு காலமும் ஏறினீங்கள். நுரையீரல்ல பழுதான இடம் திரும்பப் பழையபடி வராது, ஐயா. ஆனா மிச்சத்தைக் காப்பாத்தலாம். நான் தாற மருந்து இழுக்கிற பம்பை ஒருநாளும் விடாதேங்கோ. மூச்சு முட்டினா, சுடு தேத்தண்ணிய ஊதிற மாதிரி உதட்டைக் குவிச்சு மெதுவா வெளிய விடுங்கோ."

ஒரு மாதம் பஸ்லி வீட்டில் கிடந்தார். குளித்துத் தலை துவட்டுவதற்குள் உட்கார வேண்டியிருந்தது. புகை அவரை அண்டாதபடி மனைவி ஜஸ்லா விறகடுப்பைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றினாள். யார் மீதென்று தெரியாத கோபம் பஸ்லிக்கு.

"மலைண்டா உச்சி மட்டுமா? கீழ சொல்றதுக்கு ஒண்டுமே இல்லையா?" என்று ஒரு காலையில் கேட்டாள் ஜஸ்லா.

"ஏறாத கைடை யாரு கூப்பிடுவாங்க?"

"போய்ப் பாத்தாத்தானே தெரியும்."

போனார். முதலில் வந்த குடும்பத்திடம் உள்ளதைச் சொன்னார். "எனக்கு நுரையீரல் வருத்தம். கீழ தோட்டம் முழுக்கக் காட்டுவேன். மேல வினோஜன் கூட்டிப்போவான்." அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு வேறு ஆளைத் தேடிப் போனார்கள். பஸ்லிக்கு முகம் சுண்டிப்போயிற்று. வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார்.

அடுத்து வந்தவர்கள் மட்டக்களப்பார். மகன் குடும்பத்தோடு வந்திருந்த கமலாட்சி கைத்தடியை ஊன்றியபடி அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"எனக்கு முழங்கால் ஏலாது தம்பி. இந்த வாசல்லயே குந்தியிருக்க வேணுமோ எண்டு யோசிச்சன். நீங்க என்னோட வாங்க."

மற்றவர்கள் வினோஜனோடு ஏறிப்போனார்கள். இவர்கள் இருவரும் குன்றடியில் உள்ள பழங்கால நீர்ப்பூங்காவில் அடி அடியாக நடந்தார்கள். குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கல்லில் ஓட்டை எதற்கு, மழை நாளில் அதிலிருந்து ஊற்று எவ்வளவு உயரம் எழும்பும் என்று கமலாட்சி ஒவ்வொன்றாகக் கேட்டார். இத்தனை வருடமும் பத்தே நிமிடத்தில் ஆட்களை ஓட்டிக்கொண்டு கடந்த இடம் இது என்பது பஸ்லிக்கு அப்போதுதான் உறைத்தது. நடுவில் நின்று உதட்டைக் குவித்து ஊதினார். கமலாட்சி அவசரப்படுத்தாமல் தாமரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மகனும் பிள்ளைகளும் வியர்த்து வழிந்து இறங்கி வந்து, "போவமா அம்மா?" என்றார்கள்.

"இவர் இன்னும் சொல்லி முடியல்ல. வந்து இருங்க" என்றார் கமலாட்சி.