கந்தப்பன் தேகாப்பியாசத்தில் சேரப் போன ஞாயிற்றுக்கிழமை

...பூனை என்று சொல்லியிருக்கவே கூடாது, மரநாய் என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம், தோட்டத்திலிருந்து றொசல்ல ஸ்டேஷனுக்கு இறங்கும் குறுக்குப் பாதையில் கால் வழுக்க வழுக்க நடந்துகொண்டே கந்தப்பன் நினைத்தான், மரநாய் கொஞ்சம் கனமான பிராணி, கூரை வளைமரத்தை முறித்தது என்றால் யாராவது நம்பக்கூடும், பூனை எங்கே முறிக்கும்... ஆனால் கூரைத் தகரம் ஒரு பக்கம் நழுவி, வரிசை வீடுகளாக லயம் கட்டிய நாளிலிருந்து சேர்ந்த அடுப்புக்கரி அத்தனையும் தலையில் கொட்டி, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருப்பவனிடம் வாசலில் நின்று நாலு பேர் "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்டால் வாயில் எது வருகிறதோ அதுதான் வரும், அவனுக்குப் பூனை வந்தது. உண்மை என்னவென்றால், பெண்சாதி அழகம்மா பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, பழைய தேயிலைப் பெட்டி ஒன்றின் மேல் ஏறி, வளைமரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலால் பெட்டியைத் தள்ளிவிட்டு அவன் தொங்கினான். உடம்பைத் தூக்கி மோவாயை மரத்துக்கு மேலே கொண்டுபோவது திட்டம். மோவாய் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை, மரம்தான் மோவாயைத் தேடிக் கீழே வந்தது.

தன் வீட்டு வளைமரம் தன் வீட்டோடு நிற்கும் என்று எந்த லயத்து மனுஷனாவது நினைப்பானா, கந்தப்பன் நினைத்தான், ஒரே மரம் சுவருக்கு மேலே வரிசையாக அடுத்தடுத்த குடும்பத்துக் காம்பராவுக்குப் போகிறது என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும், இந்தப் பக்கம் ஒருவன் தொங்கினால் அந்தப் பக்கம் உறியில் இருக்கிற கருவாட்டுச் சட்டி விழும், விழுந்தது, சட்டி விழுந்த சத்தத்துக்கு எழுந்து ஓடிவந்தவன் நல்லமுத்து. வேறு யாராவது பக்கத்துக் காம்பராவில் இருந்திருக்கக் கூடாதா, வயசான, இருமுகிற, சட்டை போட்ட யாராவது... நல்லமுத்து சட்டை போடாமல் வந்தான். அந்தக் குளிரில். தேயிலை ஸ்டோர் அடுப்புக்கு விறகு பிளக்கிறவன், இன்னும் கலியாணம் ஆகாதவன், வந்த வேகத்தில் "ஒதுங்குங்கண்ணே, மேல விழுந்துரும்" என்று கந்தப்பனை ஒரு கையால் மூட்டையை நகர்த்துவது போல நகர்த்திவிட்டு, தொய்ந்த மரத்துக்குக் கீழே தோளைக் கொடுத்து நின்றுவிட்டான். தச்சு வேலை செய்கிற வீரய்யாவை எழுப்பிக் கூட்டிவர ஆள் போனது, ஞாயிற்றுக்கிழமை, வீரய்யா எழுந்து, முகம் கழுவி, வெற்றிலை போட்டு, முட்டுக் கொடுக்க ஒரு மரத்தைத் தேடிக்கொண்டு வரும்வரை கந்தப்பனின் வீட்டுக் கூரை நல்லமுத்துவின் தோளில் இருந்தது. அந்த நேரத்தில்தானா அழகம்மா குடத்தோடு வரவேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவன் ஸ்டேஷன் வரைக்கும், ரயில் ஏறியும், ஒரு வளைவுக்கு ஒருமுறை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் குடத்தை இறக்கினாள், புருஷனைப் பார்த்தாள், கரி படிந்த உருவம் ஒன்று மூலையில் உயிரோடு இருப்பதை உறுதி செய்துகொண்டாள், அடுப்பை ஊதினாள், தேத்தண்ணி ஊற்றினாள், கலியாணத்துக்கு வந்த கண்ணாடி கிளாசில் ஊற்றினாள், அந்தக் கிளாசை அவன் பார்த்தே எவ்வளவு நாளாகிறது, அதை நல்லமுத்துவின் சும்மா இருந்த கையில் கொடுத்து, "இந்தாங்க" என்றாள். இந்தாங்க. தம்பி எங்கே போனது? இத்தனை வருஷமாக "நல்லமுத்து தம்பி, வெறகு இருக்கா", "நல்லமுத்து தம்பி, கொஞ்சம் தணல் குடுங்க" என்று வாய்க்கு வாய் தம்பி, அவனும் மதினி மதினி என்பான், முறை முறையாக இருந்தது, மனசுக்கும் ஒரு வேலி இருந்தது. இந்தாங்க என்பது அவள் கந்தப்பனைக் கூப்பிடுகிற வார்த்தை. உலகத்தில் அவனுக்கென்று இருந்த ஒரே வார்த்தை, வேறு சொத்து அவனுக்கு ஏது, காம்பரா தோட்டத்துடையது, தேயிலைப் பெட்டி தோட்டத்துடையது, வளைமரம்... அதைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

போன வாரமே ஆரம்பித்ததுதான் இது. ஸ்டோர் வாசலில் நல்லமுத்து விறகு பிளந்துகொண்டிருந்தபோது, கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு நின்ற அழகம்மா, "அந்தத் தம்பிக்குக் கோடாலி பாரமே தெரியல" என்று சும்மா சொன்னாள், சும்மாதான் சொன்னாள், கந்தப்பனும் ஸ்டோருக்குள்ளே சும்மாதான் கேட்டுக்கொண்டிருந்தான், கையில் தூரிகையோடு. தேயிலைப் பெட்டியின் மேல் எழுத்துத் தகட்டை வைத்து மை பூசி, தோட்டத்தின் பெயரைப் பதிப்பது அவன் வேலை. நல்ல வேலை, லண்டன் வரைக்கும் போகிற எழுத்து, ஆனால் தூரிகை பாரமே தெரியவில்லை என்று எந்தப் பெண்ணாவது சொல்வாளா? பிரஜாவுரிமைக்கு மனுப் போடப் படம் பிடித்த அன்றும் இப்படித்தான், நல்லமுத்துவின் படத்தில் கழுத்து முடிகிற இடமும் தோள் தொடங்குகிற இடமும் தெரிந்தன, கந்தப்பனின் படத்தைப் பார்த்து, "இவரு சொகமா இருக்கையில எடுத்த படம் வேற இருக்கா?" என்று கேட்டார்கள்.

அட்டன் ஸ்டேஷனில் இறங்கினபோது முடிவு உறுதியாக இருந்தது, இன்றைக்கே சேர்ந்துவிட வேண்டும், எதில் என்பதுதான் பாக்கி. அட்டனில் தேகாப்பியாசத்துக்கு இரண்டு இடம். கடைவீதியில் மஃறூப் நானாவின் இரும்புச் சாமான் கடை, அதன் மேல்மாடியில் ஒன்று, பாரம் தூக்குகிற இடம். மரப்படி ஏறினதும் எதிரே ஆளுயரக் கண்ணாடி, அதில் ஒருவன் இவனைப் பார்த்து விழித்தான், காதுக்குப் பின்னால் கரி, வேட்டிக்குள் இருந்து இரண்டு முருங்கைக்காய்... ஐயோ பாவம் என்று நினைத்த பிறகுதான் ஆள் யாரென்று தெரிந்தது. "வாங்க தம்பி, எந்த எடத்தப் பெருக்கணும், நெஞ்சா கையா?" என்றார் மஃறூப் நானா. அளவு பார்த்துச் சட்டை தைக்கிறவர் மாதிரி கேட்டார். எல்லாம்தான் என்றான். "எல்லாம்னா முட்டை திங்கணும். பச்சை முட்டை. திங்கிறீங்களா?" எத்தனை நாளில் உடம்பு வரும் என்று கேட்டான். "அது ஒங்கட ஒடம்பப் பொறுத்து இரிக்கி." இல்லாத உடம்பைப் பொறுத்து எப்படி இருக்கும்? ஜன்னலோரம் எண்ணெய் தடவிய ஒருவன் மூச்சைப் பிடித்து இரும்பைத் தூக்கிக்கொண்டிருந்தான், அவன் முகம் போன போக்கைப் பார்த்தால் இரும்புதான் அவனைத் தூக்குகிறதோ என்றிருந்தது. எங்கள் தோட்டத்து நல்லமுத்து இங்கே வருகிறானா என்று, யாருக்கோ கேட்பது போலக் கேட்டுப் பார்த்தான். "எத்தனையோ ஆள் வாராங்க தம்பி, பேர யாரு பாக்கிற, புஜத்தத்தான் பாக்கிற." வந்தால் இங்கே சேரக் கூடாது, பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும், வராவிட்டால் சேர்ந்து என்ன பயன், எதை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது? ஞாயிறு தவிர மற்ற நாளில் சாயங்காலம்தான் திறப்போம் என்றார் நானா. சாயங்காலம். ஸ்டோர் விட்டதும் இவன் இங்கே வந்து இரும்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான், அங்கே லயத்தில் அவள் அடுப்பை ஊதுவாள், சுவருக்கு அந்தப் பக்கம் நல்லமுத்து கால் நீட்டி உட்கார்ந்திருப்பான், விறகு இருக்கா என்று கேட்க ஒரு வார்த்தை போதும், இப்போது அதில் தம்பியும் இல்லை.

இன்னொரு இடம் கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, மண் தரை, கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி, நடத்துகிறவர் இராமையா, மீசையைப் பார்த்தாலே இவனுக்கு ரெண்டு தண்டால் எடுத்த மாதிரி மூச்சு வாங்கியது. கண்ணாடி இல்லை, அது ஒரு நிம்மதி. காலையில், விடியும் முன்னே வந்துவிட வேண்டும் என்றார். விடியும் முன்னே... அப்போதுதானே அழகம்மா பீலிக்குப் போவாள், நல்லமுத்துவும் அங்கேதான் பல் துலக்குவான், பனிக்குள் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது, குரலை வைத்துத்தான் யாரென்று... சேச்சே. "கலியாணம் ஆச்சா?" என்றார் இராமையா. ஆச்சுங்க. "அப்ப ஒரு மண்டலத்துக்கு வீட்டுக்காரிய விட்டு ஒதுங்கிப் படுக்கணும். அப்பத்தான் கட்டை கைக்கு வசப்படும்." கந்தப்பனுக்குச் சிரிப்பு வந்துவிடும்போல இருந்தது, அழுகையும் வந்துவிடும்போல இருந்தது. யாருக்காக இந்த உடம்பு, எந்த வீட்டுக்காரி பார்க்க வேண்டும் என்று ரயில் ஏறி வந்திருக்கிறான், இவர் அவளையே ஒதுக்கி வை என்கிறார். "மண்டலம் கழிச்சு ஒடம்பு வந்துருமாங்க?" "வர்றவங்களுக்கு வரும்." அவ்வளவுதான். ஊரில் ஒருத்தர் வாயிலிருந்தும் நேராக ஒரு பதில் வராதா? காலையில் வீரய்யாவும் அப்படித்தான், முட்டுக் கொடுத்துவிட்டு, மேலே மரத்தைப் பார்த்தார், கீழே இவன் உள்ளங்கையைப் பார்த்தார், "பெரிய பூனையா இருக்கும்" என்று சொல்லி வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார்.

எதிலும் சேராமல், நாலு முட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, ரயிலில் அதை மடியில் வைத்து அடைகாத்து வந்து சேர்ந்தான். காலையா சாயங்காலமா, கண்ணாடியா கட்டையா, இரண்டையும் விட்டுவிட்டு நல்லமுத்துவையே ஒன்றில் சேர்த்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு யோசனை வந்தது, அவன் காலையில் போனால் பீலி காலி, சாயங்காலம் போனால் சுவருக்கு அந்தப் பக்கம் காலி, ஆனால் அவன் உடம்பு இன்னும் பெருக்குமே... வீட்டுக்குள் நுழைந்ததும் நெற்றியில் இடித்தது. முட்டுக் கொடுத்த மரம், காம்பராவின் நட்டநடுவில், பட்டைகூடச் சீவாமல், விருந்தாளி மாதிரி நின்றுகொண்டிருந்தது. ஒரு பக்கம் அடுப்பும் அழகம்மாவும், மறுபக்கம் பாயும் அவனும். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் இனிமேல் கழுத்தைச் சாய்க்க வேண்டும்.

"எங்க போயிட்டீங்க, கரியோட?" என்றாள் மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து. அட்டனுக்கு என்றான், தேகாப்பியாசத்தில் சேர என்று சொல்ல வாய் வரவில்லை, ஆனாலும் வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை, அதுவே பயமாக இருந்தது. முட்டைகளை வாங்கிச் சட்டியில் வேகப் போட்டாள், "ரெண்ட அடுத்த வீட்டுக்குக் குடுத்துருவோம், அவங்க கருவாட்டுச் சட்டி வேற ஒடஞ்சு போச்சு" என்றாள். கொடு, எல்லாவற்றையும் கொடு, அவனுக்குத்தானே உடம்பு தேறவேண்டும்... கந்தப்பன் பாயில் உட்கார்ந்தான், எழுந்தான், மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கேட்டுவிடலாமா? கேட்டால் என்ன சொல்வாள், ஒங்களுக்குப் பைத்தியமா என்பாள், நான் எங்க பாத்தேன் என்பாள், போதும், அந்தப் பொய் போதும் இவனுக்கு, அதை வைத்துக்கொண்டு ஒரு மண்டலம் தள்ளிவிடுவான்.

"ஏ புள்ள, காலையில அவனுக்குத் தேத்தண்ணி குடுக்கையில... இந்தாங்கன்னு சொன்னியே. ஏன் தம்பின்னு சொல்லல?"

அழகம்மா அகப்பையால் முட்டையைப் புரட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தும்மினார்கள். வேண்டாம், சொல்லாதே, எல்லாரையும் போல நீயும் எதையாவது மழுப்பிவிட்டுப் போ, கந்தப்பன் மனசுக்குள் மன்றாடினான், இன்றைக்குப் பார்த்தா நேரான பதில் வேண்டும் என்று நான் கேட்க வேண்டும்...

அவள் மரத்துக்கு இந்தப் பக்கம் தலையை நீட்டினாள். "வாயில வரல" என்றாள். "பாத்துக்கிட்டே நின்னுட்டேன். கூரைய ஒத்த ஆளு தாங்குனா பாக்காம என்னா செய்யிறது, நல்லாத்தான் இருந்துச்சு பாக்க."

அவன் மரத்தை இறுக்கிப் பிடித்தான். அவள் அகப்பையின் காம்பால் மேலே காட்டினாள். வளைமரத்தில், முறிந்த இடத்துக்கு இரண்டு பக்கமும், கரிக்குள், புதுசாக, பத்து விரல் தடம்.

"நீங்க அதுல தொங்குனதப் பாக்கத்தான் எனக்குக் குடுத்து வைக்கல" என்றாள்.