மூன்றாம் மாடி ஆய்வகம்

பாடப் பதிவு காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியது. ஒன்பது ஐந்துக்கெல்லாம் அறுபது இடங்களும் தீர்ந்துவிட்டன. அதுவரை அவள் திரையில் ஒரு வட்டம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அது நின்றபோது, காத்திருப்போர் பட்டியலில் இருபத்துமூன்றாவது ஆள் என்று தெரிந்தது.

எட்டு வருடம் நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்துவிட்டு, சம்பளமில்லா விடுப்பில் புள்ளியியல் படிக்க வந்தவள் அவள். வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் பத்து வயதாவது இளையவர்கள். 'கண்டக்டர் அக்கா' என்ற பெயர் முதல் வாரமே ஒட்டிக்கொண்டது. மூன்று வருட விடுப்பு இந்தப் பருவத்தோடு முடிகிறது. கணினி ஆய்வகத்தோடு சேர்ந்த இந்த ஒரு பாடம்தான் பாக்கி. கட்டாயப் பாடம், இது இல்லாமல் பட்டம் இல்லை. யானை நுழைந்து வால் சிக்கிய கதை.

வெல்டிங் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்த கணவர் கேட்டார்: "அடுத்த வருஷம் எழுதிக்கக் கூடாதா?"

"அடுத்த வருஷம் நான் பஸ்ல இருப்பேன். இந்த வருஷமே முடிக்கறேன், பாருங்க."

மறுநாள் துறை அலுவலகத்து ஜன்னலில் நீண்ட வரிசை. எழுத்தர் அம்மா தலை நிமிராமலே எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். "இடம் இல்ல." முன்னால் நின்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். அவள் முறை வந்தது.

"இடம் இல்லன்னா எது இல்லைங்க மேடம்? வாத்தியார் இல்லையா, ரூம் இல்லையா?"

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. "வாத்தியார் இருக்கார். தற்காலிகமா எடுத்த ஒருத்தர், இன்னொரு வகுப்பு கிடைக்காதான்னு தினம் வந்து நிக்கறார். கம்ப்யூட்டர் ரூம்தான் இல்ல."

"காத்திருக்கறவங்க எத்தனை பேர்?"

"நாப்பத்தேழு."

நாற்பத்தேழு பேரை அடுத்த வண்டிக்கு விட்டுவிட்டுப் போகிற பழக்கம் அவளுக்கு இல்லை. பட்டியலில் அவளுக்கு அடுத்த ஆளான சுருட்டை முடிக்காரப் பெண்ணைப் பிடித்தாள். அந்தப் பெண்ணை எல்லோரும் சுருட்டை என்றே கூப்பிடுவார்கள். சுருட்டை அப்போதுதான் துணைவேந்தருக்கு எட்டுப் பக்கத்தில் புகார் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அத அப்புறம் எழுதிக்கலாம். செருப்பு நல்லதா இருக்கா? நடக்கணும்."

நான்கு நாள் நடந்தார்கள். அறிவிப்புப் பலகையில் இருந்த அறை அட்டவணையைப் படம் எடுத்துக்கொண்டு, மூன்று கட்டடங்களில் உள்ள கணினி அறைகளை மணிக்கு மணி எட்டிப் பார்த்தார்கள். அட்டவணைப்படி எல்லா அறையிலும் எல்லா நேரமும் வகுப்பு. நேரில் போனால் பெரும்பாலும் அது உண்மைதான். முதல் மூன்று நாளில் கிடைத்தது கால்வலி மட்டும்தான்.

நான்காம் நாள், வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, பார்க்காமல் பாக்கியிருந்த மூன்றாம் மாடிக் கோடி அறையில் 'உலோகவியல் செய்முறை' நடக்க வேண்டும். கதவில் பூட்டு, பூட்டில் சிலந்திக் கூடு. உலோகவியல் துறையில் விசாரித்தால் ஒருவர் சிரித்தார். "அந்தப் பாடத்த எடுத்தவர் ரிட்டையர் ஆகி மூணு வருஷமாச்சு. பாடமும் அவரோட போயிடுச்சு."

அறை ஒதுக்கீட்டு அதிகாரி இவர்கள் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டுத் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். "செவ்வாய், வியாழன், ரெண்டுலேருந்து நாலு. மத்த நேரமும் உலோகவியல் பேர்லதான். இருக்கே."

"கம்ப்யூட்டர்ல இருக்கு சார். ரூம்ல இல்ல."

"உலோகவியல்லேருந்து கடிதம் வரணும்மா."

உலோகவியலில் போய்க் கேட்டால், அட்டவணையைத் திருத்துவது ஒதுக்கீட்டு அலுவலகத்தின் வேலை, எங்களுக்கென்ன என்றார்கள். சுருட்டைக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்மள வச்சுப் பந்து விளையாடறாங்க அக்கா."

"விளையாடட்டும். பந்து எங்க போய் விழணும்னு நாம பாத்துக்கலாம்."

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மறுபடி அதிகாரி முன் நின்றாள். "சார், நான் சொல்றத நம்ப வேண்டாம். சாவிய எடுத்துட்டு ஒரு தடவை வாங்க. வகுப்பு நடந்துச்சுன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டுச் சாவிக் கொத்தை எடுத்தார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியபடி பூட்டைத் திறந்தார். மேசை மேல் விரல் கனத்துக்குத் தூசி. சுவரில் மூன்று வருடத்துக்கு முந்தைய நாட்காட்டி. அதிகாரி நாட்காட்டியின் தூசியைத் தட்டி வருடத்தைப் படித்தார்.

"கம்ப்யூட்டர் ரூம் வேணும்னு வருஷா வருஷம் பத்துப் பேர் எங்கிட்ட சண்டை போடறாங்க," என்றார் மெதுவாக. "நானும் இல்லன்னே சொல்லிட்டிருக்கேன்."

அங்கேயே சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

முப்பது கணினிகளில் இருபத்துநான்குதான் உயிரோடு இருந்தன. இரண்டு பேருக்கு ஒன்று என்றால் நாற்பத்தெட்டுப் பேர் உட்காரலாம் என்று அவள் கணக்குச் சொன்னபோது துறைத்தலைவர் மறுக்கவில்லை. அடுத்த வியாழன், தற்காலிக ஆசிரியர் புதுச் சட்டையில் வந்து வகுப்பைத் தொடங்கினார்.

பருவ முடிவில் அவள் எழுபத்தெட்டு, சுருட்டை தொண்ணூற்றொன்று. அவளுக்கு அது ஒரு நாள் முழுக்க உறுத்தியது. மறுநாள் தான் கோட்டைவிட்ட மூன்று கணக்குகளையும் சுருட்டையிடமே கேட்டுப் போட்டுப் பார்த்தாள்.

மதிப்பெண் பட்டியல் வந்தது. எல்லாம் சரி, பிறந்த வருடத்தில் மட்டும் பதினொன்றைக் கூட்டி அச்சடித்திருந்தார்கள்.

"அப்படியே விட்டுடுங்க அக்கா," என்றாள் சுருட்டை. "இப்ப நீங்க என் வயசு."

"ஆசையாத்தான் இருக்கு. ஆனா பத்து வயசுல கண்டக்டர் வேலைக்குச் சேந்தேன்னு ஆபீஸ்ல யார் நம்புவா?"

சிரித்துக்கொண்டே பட்டியலை நான்காக மடித்து வைத்துக்கொண்டு, திருத்தல்களுக்கான ஏழாம் எண் ஜன்னலுக்குப் போய், கடைசியில் நிற்பது யார் என்று கேட்டு, அவருக்குப் பின்னால் நின்றாள்.