படத்தின் பின்னால் ஒரு பென்சில் குறி

1

அறையில் இருந்தவர்கள்: அச்சகத்தின் மேலாளர். ஸ்டாம்புக்கு முகம் வரையும் ஓவியர். இறந்துபோன விஞ்ஞானியின் மனைவி. அந்த அம்மாளின் தம்பி. நான்.

என்னைக் கடைசியில் போட்டது அடக்கத்தால் அல்ல. இந்தக் கதையில் யாரையும் நம்ப முடியவில்லை, என்னையும் சேர்த்து. அப்போது எனக்கு இரவு ஷிப்ட். அச்சான ஸ்டாம்புத் தாள்களில் பழுது தேடும் வேலை. காலையில் வீட்டுக்குக் கிளம்பியவனை, குறிப்பெழுத ஆள் இல்லை என்று பிடித்து உட்கார வைத்தார்கள். தூக்கக் கலக்கத்தில் கேட்டதுதான் இவ்வளவும். மறுமாதம் வேலையை விட்டேன். இதை விட முடியவில்லை.

2

முதல் தொடக்கம்: ‘அறிவியலுக்கே தன்னை அர்ப்பணித்த அந்த மாமனிதரின் திருமுகம்—’

(அடித்துவிட்டேன். திருமுகம்தான் இங்கே பிரச்சினை.)

இரண்டாவது தொடக்கம்: நான்கு விஞ்ஞானிகளுக்கு ஸ்டாம்பு. மூன்று சரி. நான்காவதில் இருப்பது வேறு ஆள். மாதிரித் தாளைப் பார்த்த பழைய மாணவர் ஒருவர், இது எங்கள் ஆசிரியர் இல்லை, அவருடைய ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர் என்று கடிதம் போட்டிருந்தார்.

குடும்பம் கொடுத்த படத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். அந்த அம்மாள் படத்தைத் திருப்பி, கணவரின் தலைக்கு நேர் பின்னால் பென்சிலால் ஒரு குறி போட்டு அனுப்பியிருந்தார். ஓவியரோ இருபது வருடமாக உலோகத் தகட்டில் முகங்களை இடவலம் மாற்றிச் செதுக்குபவர். பழக்கதோஷத்தில் அந்தக் குறியையும் மாற்றிப் படித்து, பக்கத்தில் நின்ற உதவியாளரை வரைந்துவிட்டார்.

மேலாளர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். குறி, ஓவியர் வரைந்த ஆளின் மேல் இல்லை; பக்கத்தில் நின்ற விஞ்ஞானியின் நெற்றியில் தெரிந்தது.

“இருபது வருஷ சர்வீஸ்! யார் மூஞ்சின்னு பாத்து வரையத் துப்பில்ல. நாளையிலேருந்து வராதே.”

“இன்னொரு படம் கேட்டேன் சார். வரல.”

“கேட்டியா? எங்க எழுதி வச்சிருக்கே?”

அந்த அம்மாள் குறுக்கிட்டார்.

“அவரை ஏன் திட்றீங்க? சரியாத்தானே வரைஞ்சிருக்காரு.”

“அம்மா, இது உங்க வீட்டுக்காரர் இல்லையே!”

“இவர்தான்.”

“அக்கா, இது லேப்ல இருந்த ஆளு. நம்ம வீட்டுக்கெல்லாம் வந்திருக்காரு.”

“நீ சும்மா இரு. உன் மாமாவோட முப்பது வருஷம் குடித்தனம் பண்ணது நீயா, நானா?”

“குறி அந்தப் பக்கம் இருக்கேம்மா,” என்றார் மேலாளர்.

“குறியை நான் தப்பாப் போட்டுட்டேன். எங்க கையெழுத்துப் போடணும்?”

ஸ்டாம்பில் இருப்பது தன் கணவர்தான் என்ற காகிதத்தில் போட்டார். ஓவியரின் வேலை தப்பியது. மேலாளர் காகிதத்தை உருவிய வேகத்தைப் பார்த்தால், அவருடைய வேலையும்தான்.

3

அந்த அம்மாளை என்னால் நம்ப முடியவில்லை. இரக்கம் என்று வைத்துக்கொள்ளலாமா? ஓவியரை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறார். கண் மங்கலா? கையெழுத்து கோட்டின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. (ஓவியர் உண்மையிலேயே இன்னொரு படம் கேட்டாரா? அதுவும் தெரியாது.)

கண்டுபிடிப்பு உண்மையில் உதவியாளருடையது, அம்மாள் நியாயம் செய்தார் என்று ஒரு முடிவு எழுதினேன். படித்த எல்லாருக்கும் பிடித்தது. அதனாலேயே சந்தேகப்பட்டுக் கிழித்துப்போட்டேன். இன்னொன்று: அந்த உதவியாளர் மேல் அம்மாளுக்கு ஒரு—

(முடிக்க மாட்டேன். மலிவு.)

4

நேரில் கேட்டுவிடலாம் என்று ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தினார்.

“குறிப்பெழுதின தம்பிதானே? அன்னிக்குத் தூங்கி வழிஞ்சியே.”

“ஏம்மா அப்படிச் சொன்னீங்க?”

“அந்த ஆர்ட்டிஸ்ட் வேலைக்குப் போறாரா?”

“போறாரு.”

“அப்புறம் என்ன?”

“இல்ல... கதை எழுதறேன்.”

“ஓ, கதையா! கதை வந்தா அவர் வேலை போகும். அதையும் சேத்து எழுதிக்க.”

அதனால்தான் பெயர்களை எடுத்துவிட்டேன். விஞ்ஞானி என்ன கண்டுபிடித்தார் என்பதையும் எடுத்துவிட்டேன். ஆனாலும் அந்த ஸ்டாம்பு உங்களிடம் இருக்கலாம். எந்த முகம் என்று கண்டுபிடித்து நாலு பேரிடம் சொன்னால் ஓவியருக்கு ஒரு முடிவு. கண்டும் காணாமல் இருந்தால் வேறொரு முடிவு. அதை என்னிடம் கேட்காதீர்கள். நான் ஏற்கெனவே பாதி காட்டிக்கொடுத்துவிட்டேன்.

“கடைசியா ஒண்ணே ஒண்ணும்மா. ஸ்டாம்புல இருக்கற அந்த லேப்காரரு உங்களுக்கு—”

அம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சாவி இரண்டு முறை திரும்பியது.