பேரம் பேசிய போலீஸ்

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் பதினாறு வருடமாக மீன் ஏலம் விடுகிறேன். என் தொண்டைக்கு முன்னால் படகு இஞ்சினே தோற்றுப்போகும். எனக்கு அடுத்தபடியாகச் சத்தம் போடுகிறவள் தில்லையம்மாள் அக்கா. வஞ்சிரம் வந்து இறங்கினால் அவள் விலை கேட்காமல் ஏலம் முடிந்ததே கிடையாது. அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் கூடை வஞ்சிரத்துக்கு மூன்று முறை கூவியும் அவள் குரல் வரவில்லை.

கூடையை அப்படியே போட்டுவிட்டுத் தேடினேன். ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு பெட்டியின் மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். திரையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன். என்னைக் கண்டதும் வராதே என்று கையை ஆட்டினாள். நாலு பேரை ஒற்றை ஆளாகத் திட்டித் தீர்க்கிறவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"உங்க ஆதார் நம்பர்ல போதைப்பொருள் பார்சல் போயிருக்கு மேடம். உங்கள டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம். கேமராவ விட்டு நகரக் கூடாது. யார்கிட்டயும் பேசக் கூடாது. ரெண்டு லட்சம் அனுப்புங்க, விசாரணை முடிஞ்சதும் திருப்பித் தருவோம்" என்றான் அவன்.

"அவ்ளோ இல்ல சார்" என்றாள் அக்கா.

அவளிடம் இருந்தது தொண்ணூற்றைந்தாயிரம். பழைய லோடு ஆட்டோ ஒன்றுக்கு மறுநாள் அட்வான்ஸ் கொடுக்க வைத்திருந்த பணம். லைசென்சும் எடுத்து வைத்திருந்தாள். இருபது வருடமாகக் கூடையோடு பஸ் ஏறி, "நாத்தம் தாங்கல, எறங்கும்மா" என்று கண்டக்டர்களிடம் பேச்சு வாங்கியவள் அவள். அந்த ஆட்டோவைப் பிடுங்கப் பார்க்கிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி, ஒன்றரை."

"இல்ல சார்."

"தொண்ணூறாயிரமாவது உடனே போடுங்க. இல்லன்னா இன்னைக்கே ஜெயில்."

அக்காவின் விரல் போனுக்குப் போய்விட்டது. நான் வாயைத் திறந்தேன். ஏலக் குரலில்தான் கூவினேன்.

"ரெண்டு லட்சம்! ஒன்றரை லட்சம்! தொண்ணூறாயிரம்! எறங்குது, எறங்குது, யாருக்கு வேணும்?"

ஏலக்கூடத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். அக்காவின் விரல் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். கேட்ட மாத்திரத்தில் விலையைக் குறைக்கிறவனின் கூடையில் என்ன மீன் இருக்கும் என்று அவளுக்கா தெரியாது? முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் சார், ஒரே மூச்சுல பாதிக்கு மேல எறக்கிட்டியே. முந்தாநாள் மீனா?"

அவன் காக்கிக் காலரை இழுத்து விட்டுக்கொண்டான்.

"அம்பதுக்கு வருவியா?" என்று கேட்டாள்.

"சரி, அம்பதாயிரம். ஆனா உடனே..."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அக்கா போனை எடுத்து எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டினாள். "யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னியே, இவங்க அத்தினி பேருக்கும் நீயே பதில் சொல்லு!"

"அஞ்சு நிமிஷத்துல போலீஸ் வரும்!"

"வரட்டும். ஏலக்கூடத்துல தில்லையம்மான்னு கேட்டா கொழந்தகூட காட்டும்."

அவனே போனை வைத்துவிட்டான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அங்கேயே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போட்டு அவன் நம்பரைச் சொல்லிப் புகார் கொடுத்தோம். பிறகு அக்கா அந்த வஞ்சிரக் கூடையை எடுத்தாள், நல்ல விலைக்கு.

அடுத்த மாதம் ஆட்டோ வந்தது. பின்பக்கம் சாமி பெயர் எழுதுவாள் என்று நினைத்தேன். சிவப்புப் பெயிண்டில் பெரிதாக 1930 என்று எழுதியிருந்தாள். முதல் ஓட்டத்தில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. சிக்னலில் நின்றபோது கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னாம்மா அது நம்பரு?"

"போலீசுன்னு எவனாவது போன்ல காசு கேட்டா அந்த நம்பருக்குப் போடு" என்று அக்கா கத்தினாள். "இப்ப பேசாம என் பின்னாடியே வா!"