ஆள் வந்தால் எழும் வீடு

பார்சல் அலுவலகத்தில் எடை போடுகிறவளின் வீடு, அவள் தம்பிக்கு மனநோய் வந்த வாரத்திலிருந்து மண்ணுக்குள் இறங்கத் தொடங்கியது. முதலில் வாசற்படி போனது. பிறகு கதவைத் திறக்க மண்ணை வெட்ட வேண்டியிருந்தது. சுவரில் ஒரு கீறல் இல்லை, அலமாரியில் ஒரு டம்ளர் உருளவில்லை. சத்தம் போடாமல் மரியாதையாக இறங்கியது. தெரு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பார்த்துவிட்டுப் பால் விலையைப் பேசியது.

தம்பி அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவன். இப்போது காதுக்குள் யார் யாரோ திட்டுவதாகச் சொல்லிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். டாக்டர் கொடுத்த மாத்திரை குரல்களைக் கொஞ்சம் தணித்தது, வீட்டை நிறுத்தவில்லை.

அக்காவுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது ஒன்றுதான்: தராசுத் தட்டில் சாமான் ஏறினால் தட்டு இறங்கும். அதனால் பீரோவை விற்றாள், கட்டிலை விற்றாள், தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தாள். கடைசியில் மனிதர்கள் வருவதையும் நிறுத்தினாள். யார் வந்தாலும் அம்மா கதவிடுக்கு வழியாக, "அவன் தூங்குறான்" என்று சொல்லி அனுப்பினாள். காலியாகக் காலியாக வீடு இன்னும் வேகமாக இறங்கியது. ஜன்னலில் பாதிக்கு மண் வந்துவிட்டது. பகலிலும் விளக்குப் போட்டார்கள்.

பெரியப்பா மட்டும் ஜன்னலுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, எங்கோ தூரத்தில் இப்படிப்பட்டவர்களைப் பூட்டி வைக்கிற இடம் இருப்பதாகச் சொன்னார். "அவன அனுப்பிட்டா வீடு தானா மேல வரும். இல்லேன்னா மூணு பேரும் உள்ளயே போயிடுவீங்க. ஞாயித்துக்கிழம வண்டியோட வரேன்." புத்தி சொல்ல வருகிறவர்கள் உள்ளே வந்து உட்காரமாட்டார்கள், கவனித்துப் பாருங்கள்.

"அக்கா, கனம் நான்தானே?" என்றான் தம்பி.

"வாய மூடுடா, எருமை." சொல்லிவிட்டுச் சமையலறையில் போய் அழுதாள்.

சனிக்கிழமை சிலிண்டர்காரர் வந்தார். கூப்பிட்டும் கதவு திறக்காததால், தோளில் நிறை சிலிண்டரோடு மண்சரிவில் சறுக்கி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். "ஐயோ, வெளிய போங்க! வீடு போயிடும்!" என்று அக்கா அலறினாள். "மாடி மாடியா ஏறி இறங்குறவன், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேனே" என்று அவர் தம்பிக்குப் பக்கத்தில் சாய்ந்தார். "என்னப்பா, ஆளையே காணோம்?"

"காதுக்குள்ள திட்டுறாங்கண்ணே."

"என்னையும்தான் தெருவுக்குத் தெரு திட்டுறாங்க, லேட்டா வரேன்னு. உன்ன என்ன சொல்றாங்க?"

அதுவரை யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. தம்பி சொல்லத் தொடங்கினான். வீடு ஒரு விரல் அளவு எழுந்தது.

ஒரு விரல் என்றாலும் எடை போடுகிறவள் கண்ணுக்குத் தப்பாது. இத்தனை காலம் நம்பிய கணக்கை அங்கேயே வீசிவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள். "என் தம்பிக்கு மனசு சரியில்ல. உள்ள வந்து உக்காருங்க. சும்மா உக்காந்தாப் போதும்." இஸ்திரி போடுகிறவர் வந்தார், பஸ் கண்டக்டர் குடும்பத்தோடு வந்தார், தையல்காரி மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வோர் ஆளுக்கும் வீடு எழுந்தது. மண் சரிந்து கொட்ட, ஜன்னல்கள் ஒவ்வொன்றாக வெயிலுக்குள் வந்தன. எல்லாரும் பேச்சை நிறுத்தி, லிஃப்டில் நிற்பவர்களைப் போல அண்ணாந்து நின்றார்கள். தம்பி முகத்தில் வெளிச்சம் விழுந்தது. அம்மா விளக்கை அணைத்தாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் தையல்காரி.

"முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவையும் உள்ளே இழுத்து உட்கார வைத்தார்கள். வண்டி காலியாகத் திரும்பியது.

நோய் போய்விடவில்லை. மாத்திரை தொடர்ந்தது, தம்பி அச்சகத்துக்கு அரைநாள் வேலைக்குப் போனான், சில மாதங்கள் மட்டும் வீடு அரையடி இறங்கும். தெரு முறை போட்டுக்கொண்டு வந்து உட்காரும். அப்படிச் சில வருடங்கள் போனபின், தெருக்கோடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தம்பியைத் தேடி வந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "என் சம்சாரம் ரொம்ப வருஷமா எழுந்திருக்கிறதே இல்ல. எங்க வீட்டுக்கும் கொஞ்சம் வரீங்களா, தம்பி?" அவன் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினான். பின்னால் தெரு கிளம்பியது. மாடியில்லாத வீடு என்று எல்லாரும் நினைத்திருந்த அந்த வீடு எழ எழ, அதற்குக் கீழே மண்ணுக்குள் இன்னொரு தளமும் ஒரு நீலக் கதவும் இருப்பது மாலைக்குள் தெரிந்துவிட்டது. தபால்காரர் மறுநாளிலிருந்து அந்தக் கதவைத் தட்டினார்.